நலம் விரும்பிகளின் தபால் நிலையம்

எட்டாம்பாறை ஏலத்தோட்டத்துக் கிளைத் தபால் நிலையம் மொத்தமே ஓர் அறைதான். ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு முத்திரைக் கட்டை, ஒரு அன்னாள். அதிகாரியும் அவர்தான், தபால்காரரும் அவர்தான். காலையில் சாந்தன்பாறையிலிருந்து வரும் ஜீப்பில் தபால் பை இறங்கும். அதைப் பிரித்து முத்திரை குத்திவிட்டு மதியம் வரை ஜன்னலருகே உட்கார்ந்திருப்பார். பிறகு கதவைப் பூட்டி, அட்டைப்பூச்சி கடிக்காமலிருக்கக் கால்களில் புகையிலைத் தண்ணீரைத் தேய்த்துக்கொண்டு, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் நான்கு லைன்களுக்கும் நடப்பார். இருபத்து மூன்றாம் வயதில் வேலைக்குச் சேர்ந்தவர். இப்போது நாற்பத்தாறு. மலையேறி ஏறி முழங்கால் தேய்ந்துவிட்டது. நாக்கு மட்டும் தேயவில்லை.

"என்னக்கா, இன்னமும் தபாலெல்லாம் இருக்கா?" என்று வழியில் யாராவது கேட்பார்கள்.

"இருக்கு. நீ இருக்கியே, அது மாதிரி. ஒரு பிரயோஜனமும் இல்லாம" என்று சொல்லிவிட்டு நடையை நிறுத்தாமல் போவார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. ஆதார் அட்டை வரும். ஏடிஎம் அட்டை வரும். இணையத்தில் வாங்கிய செருப்பு வரும், அளவு சேரவில்லை என்று அடுத்த வாரமே திரும்பிப் போகும். திருச்சபைப் பேராயத்துப் பத்திரிகை மாதம் ஒருமுறை வரும், படிக்காமலே அலமாரித் தட்டில் விரிப்பார்கள். கையால் எழுதிய கடிதம் என்று ஒன்று கடைசியாக வந்தது கொரோனாவுக்கு முந்தைய வருடம். அதுவும் வேறு ஊருக்குப் போகவேண்டியது, தப்பி வந்தது.

போன வருடம் ஜூன் மாதத்தில், மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், தபால் ஆய்வாளர் ஜின்சன் ரெயின்கோட்டோடு படியேறி வந்தார். தொடுபுழைக்காரர், மலையாளி, நல்ல மனிதர். கெட்ட செய்தியைச் சொல்வதற்கு முன்னால் தேநீர் முழுவதையும் குடித்து முடிக்கும் வழக்கம் அவருக்கு உண்டு.

"சேச்சி கோபிக்கக் கூடாது. போன மாசம் இங்கேருந்து எத்தனை லெட்டர் போயிருக்கு?"

"நாலு."

"யாரு போட்டது?"

"ரெண்டு ஊர்க்காரக போட்டது. ரெண்டு நான் போட்டது."

"சேச்சி எதுக்குப் போட்டீங்க?"

"முத்திரைக் கட்டை தேஞ்சு போச்சு, வேற குடுங்கன்னு உங்களுக்கு ஒண்ணு. அதுக்குப் பதில் வரலைன்னு உங்களுக்கே இன்னொண்ணு."

ஜின்சன் காலி டம்ளருக்குள் பார்த்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார். மூன்று மாதம் கணக்கெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். தபால் இல்லாத நிலையங்களைக் கீழே இருக்கும் நிலையத்தோடு சேர்த்துவிடுவதாகப் பேச்சு. செப்டம்பரில் திரும்ப வருவார். அதற்குள் ஏதாவது நடந்தால் உண்டு.

செய்தி லைன்களுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஊரே கொதித்தது. கொதித்தவர்களில் முதல் ஆள் தொழிற்சங்கச் செயலாளர் தனபால். உட்கார்ந்த இடத்திலிருந்தே பல போராட்டங்களை நடத்தியவர். மறுநாளே முப்பது பேரோடு வந்து தபால் பெட்டிக்குச் செவ்வந்தி மாலை போட்டார். பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டார். 'எட்டாம்பாறை தபால் நிலைய மீட்புக் குழு' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் தொடங்கினார். சாயங்காலத்துக்குள் இருநூற்று முப்பத்தொரு பேர் சேர்ந்துவிட்டார்கள். தோட்டத்து மேனேஜர் ரிஞ்சுவையும் சேர்த்தார்கள், ஏனென்றால் மேனேஜர் இல்லாமல் ஒரு குரூப் நடந்தால் மேனேஜருக்கு அது எப்படியோ தெரிந்துவிடும்.

"தபால் நமது உரிமை" என்று ஒருவர் போட்டார். "தபால் நமது உயிர்" என்று இன்னொருவர் போட்டார். நான்கு நாட்களில் தொள்ளாயிரம் செய்திகள் சேர்ந்தன.

திங்கட்கிழமை அன்னாள் தபால் பெட்டியைத் திறந்தார். உள்ளே மாலையிலிருந்து உதிர்ந்த செவ்வந்தி இதழ்களும், மடித்த ஒரு தாளும் கிடந்தன. தாளில் அந்தக் குரூப்பில் சேர்வதற்கான க்யூஆர் கட்டம் அச்சடித்திருந்தது. ஸ்டாம்பு ஒட்டவில்லை.

மறுநாள் விடிந்ததும் அவர் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் மைதானத்துக்குப் போய் நின்றார். அத்தனை பேரும் குடையும் கூடையுமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏம்ப்பா, பெட்டிக்கு மாலை போட்டீகளே, அது செத்துப் போச்சுன்னு யாரு சொன்னா? எழவு வீட்டுக்கு வந்த மாதிரி வந்து நின்னு போட்டோ புடிச்சிட்டுப் போறீக. ஆளுக்கு ஒரு கார்டு வாங்கி நாலு வரி எழுதிப் போட்டா ஆபீஸ் நிக்கும். அம்பது காசு. அதுக்கு உங்க கை வர மாட்டேங்குது."

தனபால் முன்னால் வந்து, அந்த யோசனை தனக்கு ஏற்கனவே இருந்ததாகவும் சரியான நேரத்துக்காகக் காத்திருந்ததாகவும் அறிவித்தார். வீட்டுக்கு வாரம் ஒரு கடிதம், இது சங்கத்தின் தீர்மானம்.

அன்று மதியம் தபால் நிலையத்தின் முன்னால் வரிசை நின்றது. அட்டை ஐம்பது காசு, அந்தக் காசு யாரிடமும் இல்லை, அதனால் எல்லோரும் இரண்டிரண்டாக வாங்கினார்கள். வாங்கிய பிறகுதான் சிக்கல். யாருக்கு எழுதுவது? மகன் திருப்பூரில் இருக்கிறான், எந்தத் தெரு என்று தெரியாது. அக்கா போடியில் இருக்கிறாள், வீட்டு நம்பர் தெரியாது. தினம் முகம் பார்த்துப் பேசுகிறவர்களின் முகவரி ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒரே முகவரி அவரவர் வீட்டு முகவரி.

ஆகவே முதல் வாரத்தில் பாதிப் பேர் தங்களுக்கே எழுதிக்கொண்டார்கள். 'நான் நலம். நீ நலமா?' என்று இரண்டாம் லைன் வேன் டிரைவர் தன் பெயருக்கே போட்டார். இளவட்டங்கள் பக்கத்து லைனில் இருக்கும் சிநேகிதர்களுக்கு எழுதினார்கள். ஒரு அட்டையில் 'ஹாய்' என்று ஒரே ஒரு சொல். அதற்குப் பதில் அட்டை மூன்றாம் நாள் வந்தது: 'சொல்லு.' அதற்கும் பதில் வந்தது: 'சாப்ட்டியா?' இந்தக் கேள்வியை அன்னாள் ஒரு கிலோமீட்டர் மழையில் சுமந்துகொண்டு போய்க் கொடுத்தார். வேறொருவர் பேனாவால் ரோஜாப் பூ வரைந்து 'காலை வணக்கம்' என்று எழுதி, கீழே 'இதைப் பத்துப் பேருக்கு அனுப்பவும்' என்று போட்டிருந்தார்.

"எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஊருன்னு பேரு. 'சொல்லு'ன்னு எழுத மூணு நாள்" என்று அன்னாள் வீட்டில் சொன்னார். அவருடைய கணவர் ஆசீர்வாதம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்ப்பவர். சூட்டறையில் நின்று நின்று பேச்சும் வற்றிப்போன மனிதர். தலையை மட்டும் ஆட்டினார்.

மூன்றாவது வாரம் முதல் மொட்டைக் கடிதம் வந்தது.

மூன்றாம் லைன் சாந்தம்மாளுக்கு ஒரு அட்டை. 'உன் கோழி தினமும் வந்து மிளகாய்ச் செடியைக் கொத்துகிறது. கோழிக்குத்தான் அறிவு இல்லை. இப்படிக்கு, ஒரு நலம் விரும்பி.' அந்த லைனில் மிளகாய்ச் செடி வைத்திருந்தது பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி ஒருவர்தான். இருந்தாலும் அட்டையில் பெயர் இல்லை அல்லவா? சாந்தம்மாள் பதிலுக்கு ஒரு அட்டை வாங்கினார். 'கோழிக்கு அறிவு இருப்பதால்தான் கட்டிலில் படுத்துக்கொண்டு வேலைக்கு வந்ததாகச் சொல்வதில்லை. இப்படிக்கு, இன்னொரு நலம் விரும்பி.' இரண்டு பேரும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்தார்கள். அட்டை சாந்தன்பாறை வரை போய், அங்கே ஒரு முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து அந்தச் சுவரைத் தாண்டியது.

அட்டை என்பது யாரும் படிக்கக்கூடியது. ஜீப் டிரைவர் படித்தார். அவர் வழியாக மற்றவர்கள் கேட்டார்கள். எட்டாம்பாறைக்கு வழி பிடிபட்டுவிட்டது.

ஜூலை பாதியில் பெட்டியை ஒரு நாளைக்கு இரண்டு தடவை திறக்க வேண்டியிருந்தது. சபையில் பாட்டுக்குத் தலைமை தாங்குபவருக்கு அவருடைய குரலைப் பற்றி ஆறு கடிதம். டிஸ்பென்சரி கம்பவுண்டருக்கு ஒரே மாத்திரையை எல்லா நோய்க்கும் கொடுப்பதைப் பற்றிப் பதினொன்று. தனபாலுக்குக் கணக்கே இல்லை. 'தலைவரே, போன வேலைநிறுத்தத்தில் நீங்கள் மட்டும் எங்கே இருந்தீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்.' அவர் ஒவ்வொன்றையும் வாங்கி, படிக்காததுபோல் படித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். குரூப்பில் மட்டும் 'கடிதங்கள் குவிகின்றன, இது நமது வெற்றி' என்று போட்டார்.

நான்கு லைன்களிலும் ஜனம் வாசலில் காத்திருக்கத் தொடங்கியது. தன்னைத் திட்டிக் கடிதம் வந்தவர் கத்தினார், வராதவர் முகம் சுண்டிப் போனார். நான்காம் லைனில் ஒரு அம்மாள் அன்னாளின் பையை எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணுமே இல்லையா? மூணு வாரமா ஒருத்தருக்குமே என் மேல ஒரு கோவமும் இல்லையா?" என்று கண் கலங்கிவிட்டார்.

ஒருநாள் அன்னாளுக்கே ஒரு அட்டை இருந்தது. 'உன் வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டால் வீட்டில் இருப்பவர் நிம்மதியாகச் சோறு உண்ணலாம். இப்படிக்கு, ஒரு நலம் விரும்பி.' இருபது வருடமாக ரேஷன் கடைச் சீட்டில் பார்த்துவந்த கையெழுத்து. முறைப்படி முத்திரை குத்தி, தானே தனக்குக் கொடுத்துக்கொண்டார். வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் ஸ்டோரில் எல்லோருக்கும் முன்னால் ஆசீர்வாதத்தின் கையில் ஒரு அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். 'பூட்டு வாங்கி வரவும். சாவி என்னிடம் இருக்கும்.' ஸ்டோரில் ஒரு வாரத்துக்குச் சிரிப்பு ஓயவில்லை. ஆசீர்வாதமும் சிரித்தார், சூட்டறையில் அப்படி நடந்ததே இல்லை என்றார்கள்.

இத்தனையும் ஏன் கையில் இருக்கும் போனில் வரவில்லை என்பதற்குக் காரணம் அந்த மாதக் கடைசியில் வெளியே வந்தது.

மழையோடு மழையாக மூன்றாம் லைனில் பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டது. எல்லோருக்கும் தெரியும், குடிதண்ணீர்த் தொட்டிதான் காரணம். குழாயைத் திறந்தால் நாற்றம் வந்தது. குரூப்பில் மேனேஜர் ரிஞ்சு ஒரு படம் போட்டார். பளபளவென்று ஒரு தொட்டி, பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் சாக்கு. 'குடிநீர்த் தொட்டி சுத்தம் செய்யப்பட்டது.' படத்திலிருந்தது வேறு ஏதோ தோட்டத்துத் தொட்டி. எட்டாம்பாறைத் தொட்டிக்கு மூடியே கிடையாது, படத்திலிருந்ததற்கு நீல மூடி. ஆனாலும் நூற்றெண்பது பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். முதல் விரல் தனபாலுடையது. பிள்ளையை மடியில் போட்டு ஓஆர்எஸ் கரைத்துப் புகட்டிக்கொண்டே மற்றக் கையால் சின்னத்தாயியும் விரலைத் தூக்கினார். தூக்காதவர் பெயரும் நம்பரும் மேனேஜருக்குத் தெரியும். அடுத்த வாரம் அவர்களுக்குத் தூரத்து மேட்டில் வேலை விழும்.

மறுநாள் சின்னத்தாயி தபால் ஜன்னலில் வந்து நின்றார்.

"அக்கா, ஒரு கவர் குடுங்க."

"கார்டு வேணாமா?"

"மூடிப் போடணும்." கொஞ்சம் தயங்கினார். "தோட்டத்துல கொறை இருந்தா வந்து பாக்குறாகளே, லேபர் ஆபீசரு. அவுக அட்ரஸ் என்னக்கா?"

அன்னாள் பழைய நாட்காட்டி ஒன்றைப் பின்பக்கம் திருப்பி, அந்த முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதி, ஜன்னலுக்கு வெளியே மாட்டினார். பக்கத்தில் தபால்தலை விலைப்பட்டியலும் இருந்தது, அதனால் அது ஓர் அரசாங்க அறிவிப்புபோலவே இருந்தது.

எட்டு நாட்களில் நாற்பத்தோரு உறைகள் போயின. ஒன்றிலும் அனுப்புநர் பெயர் இல்லை.

ஆகஸ்டில் லேபர் ஆபீசர் வந்தார். கையில் அந்த உறைகளின் கட்டு இருந்தது. வந்த மின்னஞ்சல்களைப் படிக்க நேரமில்லாமல் இருந்த அவர், மேசைமேல் குவிந்து இடத்தை அடைத்த உறைகளைத் தள்ளி வைக்க முடியாமல் வந்தார் என்று பின்னால் தெரிந்தது. ஏணி கேட்டார். சூப்பர்வைசரைத் தொட்டி மேல் ஏறச் சொன்னார். ஏறியவர் எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார். உள்ளே ஒரு மரநாய் செத்து ஊறிக் கிடந்தது. பல நாள் ஆனது. ரிஞ்சு, தன்னிடம் சுத்தம் செய்ததற்குப் படமே இருப்பதாகப் போனை எடுத்தார். ஆபீசர் படத்தைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார்.

"மூடி எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மதியம் ரிஞ்சு தபால் நிலையத்துக்கு வந்தார். முப்பது வயது, எம்பிஏ. தோட்டத்து அலுவலகத்தில் தாளே இல்லாமல் ஆக்கிவிட்டதாகப் பெருமை உள்ளவர்.

"அன்னாள் சேச்சி, அந்த லெட்டரெல்லாம் யார் போட்டது?"

"பெட்டியில கெடந்துச்சு சார்."

"கையெழுத்துப் பார்த்தா உங்களுக்குத் தெரியும். எல்லாரும் சொல்றாங்க."

"தெரியும்."

"அப்போ சொல்லுங்க."

"சொன்னா நான் போஸ்ட்மிஸ்ட்ரஸ் இல்ல சார், குரூப் அட்மின்."

ரிஞ்சுவின் முகம் சிவந்தது. "இந்த ரூம் கம்பெனி ரூம். அது ஞாபகம் இருக்கட்டும்."

"ஞாபகம் இருக்கு சார். மழை பெஞ்சு ஒழுகும்போதெல்லாம் ஞாபகம் வரும்."

மிரட்டியபடியே ரிஞ்சு அறையைக் காலி செய்யச் சொல்லத் தீர்மானித்தார். தபால் கோட்ட அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார். கம்பெனி வக்கீல் அதைப் பார்த்துவிட்டு, இது செல்லாது, நோட்டீஸ் முறைப்படி தபாலில்தான் போகவேண்டும், போய்ச் சேர்ந்ததற்குச் சான்று வேண்டும் என்றார். அந்த வாரம் பெய்த மழையில் கீழே ரோடு இடிந்து கிடந்தது. தபால் பையை மட்டும் ஆள் தலையில் தூக்கிக்கொண்டு போய் மறுபக்கத்து ஜீப்பில் ஏற்றினார்கள். வேறு தபால் நிலையத்துக்குப் போக மேனேஜரின் கார் தாண்டாது.

தாள் இல்லாத அலுவலகத்தின் மேனேஜர் தாளும் உறையுமாக அன்னாளின் ஜன்னலில் வந்து நின்றார். பதிவுத் தபாலை அப்போதுதான் விரைவுத் தபாலோடு சேர்த்திருந்தார்கள். எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இங்கன சார். அனுப்புறவர் பேரு, கண்டிப்பா எழுதணும்" என்று அன்னாள் விரலால் காட்டினார். எடை போட்டார். பார்கோடு பட்டையை ஒட்டினார். தன்னை வெளியேற்றும் கடிதத்துக்கு ஓங்கி முத்திரை குத்தி ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்.

"நன்றி சார். இந்த மாசக் கணக்குல உங்களதும் ஒண்ணு."

செப்டம்பர் நடுவில் ஜின்சன் வந்தார். பதிவேட்டைப் புரட்டினார். மாதத்துக்கு நான்கு என்று இருந்த இடத்தில் மூன்று மாதத்தில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"சேச்சி, இது என்ன? இவ்வளவு ஸ்நேகமா இந்த ஊர்ல?"

அன்னாள் அன்றைய கட்டிலிருந்து இரண்டு அட்டைகளைக் காட்டினார். ஜின்சன் படித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு அதிகாரி முகத்தை மாட்டிக்கொண்டு அறிக்கை எழுதினார். 'இப்பகுதி மக்களிடையே கடிதம் எழுதும் பழக்கம் உயிர்ப்புடன் உள்ளது. உள்ளூர்ப் பிரச்சினைகள் வெளிப்படையாக விவாதிக்கப்படுகின்றன. நிலையம் தொடரப் பரிந்துரைக்கிறேன்.' புது முத்திரைக் கட்டை ஒன்றையும் தந்துவிட்டுப் போனார்.

அறையைக் காலி செய்யத்தான் வேண்டியிருந்தது. தபால் நிலையம் அன்னாளின் வீட்டு முன்னறைக்கு வந்தது. ஆசீர்வாதத்தின் கட்டில் பின்னால் போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுதவும் இல்லை. லேபர் ஆபீசர் தந்த கெடுவுக்குள் கம்பெனி புதுத் தொட்டி கட்டியது, மூடியோடு. ரிஞ்சுவைப் பீர்மேடு பக்கம் வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். அவருக்கு வழியனுப்பு விழா நடத்தி, குரூப்பில் நூற்றுத்தொண்ணூறு பேர் கும்பிடு போட்டார்கள். அந்த நாற்பத்தோரு உறைகளுக்கு உரியவர்களும் அதில் இருந்தார்கள்.

நிலையம் மீண்டுவிட்டது என்று தெரிந்ததும் எழுதுவது நின்றது. அக்டோபரில் எழுபது, நவம்பரில் ஒன்பது. "காரியம் ஆனதும் கையைக் கழுவிட்டாக" என்று அன்னாள் சொன்னார், ஆனால் முழங்காலுக்கு அது நல்லதாகத்தான் இருந்தது. தனபால் மட்டும் 'தபாலை மீட்ட தலைவர்' என்று தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார்.

டிசம்பரில் ஒருநாள் பையில் தனபாலுக்கு ஒரு கோர்ட்டு சம்மன் இருந்தது. சங்கத் தேர்தலில் கள்ள ஓட்டு என்று எதிர்க்கோஷ்டி போட்ட வழக்கு. கையெழுத்து வாங்கித்தான் கொடுக்க வேண்டும். அன்னாள் அவர் வீட்டுக்கு ஏறினார். கதவு சாத்தியிருந்தது. தட்டினார். திறக்கவில்லை. அன்னாளின் போன் அடித்தது. தனபால்தான்.

"அக்கா, நான் ஊர்ல இல்லக்கா. தேனிக்கு வந்துருக்கேன். வீடு பூட்டியிருக்குன்னு எழுதித் திருப்பி விட்டுருங்க. நம்ம ஆபீஸ், நமக்குள்ள என்ன?"

குரல் போனிலும் கேட்டது, கதவுக்குப் பின்னாலிருந்தும் கேட்டது.

அன்னாள் போனை அணைத்துப் பைக்குள் போட்டார். பேனாவைத் திறந்து, கதவின் இடுக்கு வழியாக உள்ளே நீட்டினார்.

"தேனியிலேருந்து கைய நீட்டு தனபாலு. கையெழுத்துப் போட்டுட்டு வாங்கிக்க. எனக்கு இன்னும் ரெண்டு லைன் கெடக்கு."

உள்ளேயிருந்து பேனாவை யாரோ வாங்கினார்கள்.